முடிச்சோடு பின்னிய பாய்கள்

உப்போடை ஊர்க்காரர்களுக்குப் படுக்கப் போகுமுன் கடைசியாக ஒரு வேலை உண்டு. அடுப்பை அணைத்து, பின்கதவுக்குத் தாழ்போட்டு, பிள்ளைகளை ஒன்றுக்குப் போகவைத்து எல்லாம் ஆனபிறகு, அன்றைய குப்பையைப் போட்டு வைத்த கேரிபேக்கை எடுத்து, அதன் இரண்டு காதையும் சேர்த்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, வாசலுக்கு வெளியே வைப்பார்கள். வாய் திறந்த பையை வெளியே வைத்தால் உப்பளத்துக் காற்று உள்ளே புகுந்து வீட்டுப் பேச்சையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும் என்று ஒரு சொல் அந்த ஊரில் இருந்தது. யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் முடிச்சுப் போடாமல் விட்ட வீடு ஒன்றே ஒன்றுதான். முடிச்சு இறுகும்போது ஒரு கொட்டாவி வரும். கொட்டாவி முடிந்ததும் விளக்கு அணையும். இப்படியே வருஷக்கணக்காகக் கொட்டாவியும் முடிச்சும் ஒன்றையொன்று விடாமல் ஊருக்கு வெளியே இருந்த உரக்கிடங்கில் போய்க் குவிந்துகொண்டிருந்தன.

அந்தக் கிடங்கில் குப்பை பிரிக்கிறவள் முப்பிடாதி. நாற்பத்தாறு வயது, கட்டினவன் இல்லை, பிள்ளை இல்லை, காலை ஆறு மணிக்குத் தன் வீட்டுக் குப்பையைத் தன் கையோடு கிடங்குக்குக் கொண்டுபோகிறவள் என்பதால் அவள் வீட்டுப் பைக்கு மட்டும் முடிச்சுக் கிடையாது. கிடங்கில் யாரும் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்; பையின் வயிற்றைக் கத்தியால் ஒரு கீறு கீறி, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, கிழிந்த பையை மூலையில் எறிவதுதான் அங்கே வழக்கம். அந்த மூலையில் குவிந்த பைகளைத்தான் அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள், சோப்புத்தூளில் அலசினாள், கொடியில் காயப்போட்டாள், இரண்டு விரல் அகலத்துக்கு வளையம் வளையமாக நறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றை இழுத்துக் கோத்து, கயிறாக்கி, பந்தாகச் சுற்றி, குடைக்கம்பியை வளைத்துத் தீட்டிய ஒரு கொக்கியால் பாய் பின்னினாள். தம்பி பலவேசத்துக்காக.

பலவேசம் பதினோரு வருஷமாகத் தூங்காதவன். உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு விடியற்காலை, ஓடைப்பாலத்து வளைவில், ஒரு கண் அசந்த நேரத்தில் சைக்கிளில் போன ஒரு தகப்பனும் மகளும் அவன் சக்கரத்துக்குள் வந்துவிட்டார்கள். ஜெயிலுக்குப் போய்வந்தான். வந்தவன் அக்காள் வீட்டு வாசல்வரைக்கும் வந்து, உள்ளே பாய் விரித்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டுதான். கண்ணை மூடினால் அந்தக் குழந்தை பேசுகிறது, என்ன பேசுகிறது என்று கேட்காதே என்பான். அங்கே வீடில்லாமல் கிடந்த மற்ற எட்டுப் பேர் பிளாட்பாரத்தில் சுருண்டு கிடக்க, இவன் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கண் இரண்டும் உப்புப்பாத்திபோல வெளுத்துப்போய், இமை சுருங்கி, யாரோ தன்னை வேலைக்கு வைத்து ஊரைக் காவல்காக்கச் சொன்ன மாதிரி.

அறுநூறு பை பிடித்தது அந்தப் பாய்க்கு. பாய் பின்னுகிற எவரும் பையின் மேல்பகுதியை, காதும் முடிச்சுமாக இருப்பதை, வெட்டி எறிந்துவிடுவார்கள். முப்பிடாதிக்கு எறிய மனசு வரவில்லை. பதினெட்டு வருஷம் எறிந்ததைப் பொறுக்கியே பழகிய கை. தம்பிக்குத் தலைகாணி கிடையாதே, தலைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று அறுநூறு முடிச்சையும் அவிழ்க்காமல் அப்படியே தலைமாட்டில் வரிசை வரிசையாக வைத்துப் பின்னிவிட்டாள். அவள் செய்த தப்பு அதுதான். அது தப்பென்று சொல்ல அப்போது யாரும் இல்லை.

சாயங்காலம் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

"இது என்னக்கா?"

"பாய்."

"எனக்கெதுக்கு? படுக்கவா போறேன்."

"படுக்காட்டி என்ன, மேல உக்காரு. சிமெண்டு குளுந்து கெடக்கு. மூலம் வந்துரும்லே."

"தூங்காதவனுக்கு மூலம் ஒண்ணுதான் கொறச்சல்," என்று சிரித்தான் பலவேசம். அக்காள் முகத்தைப் பார்த்தான். உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் முதுகு வலிக்கிறது என்று சாய்ந்தான். சாய்ந்தவன் தலை அந்த முடிச்சுகளில் பட்டது. முப்பிடாதி எதிர்த்த டீக்கடையில் வாங்கின டீயைப் பாதி குடித்திருப்பாள், கடைக்காரர் கோயில்பிச்சை பாய்லரை விட்டு வந்து, குனிந்து, பலவேசம் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்சு இருக்கு யக்கா. தூங்குதான்," என்றார்.

அன்றைக்கு உப்போடையில் முந்நூறு வீடுகளில் தூக்கம் வரவில்லை.

முதல் இரண்டு நாள் ஊர் அதைப் புழுக்கம் என்று சொன்னது. மூன்றாம் நாள் புரட்டாசிக் காய்ச்சல் என்றது. ஒரு வாரம் போனபிறகு எந்தப் பெயரும் சொல்லவில்லை, ஏனென்றால் தூக்கம்தான் வரவில்லையே ஒழிய யாருக்கும் அசதி இல்லை, கண் எரியவில்லை, கை நடுங்கவில்லை. ராத்திரி என்பது வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கிடைத்த ஒரு வெற்று மனைபோல இருந்தது, அதில் என்ன போடலாம் என்று ஆளாளுக்கு யோசித்தார்கள். பெண்கள் நாலு நாளைக்கான மாவை ஆட்டி முடித்தார்கள். டியூஷன் வாத்தியார் இரண்டு மணிக்கு ஒரு வகுப்பு வைத்தார். அம்மன் கோயிலில் அர்த்தஜாமத்துக்குப் பிறகும் ஒரு பூஜை வந்தது, சர்ச்சில் பாடகர் குழு விடிய விடியப் பாட்டுப் பழகியது. அதற்குள் பிளாட்பாரத்தில் மற்றவர்களும் பாய் கேட்டு, முப்பிடாதியும் ஒவ்வொன்றாக எட்டுப் பாய் பின்னிக் கொடுத்திருந்தாள், எல்லாம் முடிச்சோடு. ஊரில் தூக்கம் மிஞ்சியிருந்த வீடுகளும் அதோடு சரி.

எங்கே போனது தூக்கம் என்பதைக் கண்டுபிடித்தவள் கோயில்பிச்சையின் மனைவி ஞானப்பூ. கடைக்குப் பால் கொண்டுவந்தவள் பிளாட்பாரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. இந்தப் பலவேசம் விடுத கொறட்டைய கேளுங்க."

"கொறட்டைய என்னத்த கேக்க?"

"ரெண்டு இழுப்பு, ஒரு விசிலு, பெறவு ஒரு முக்கலு. இது உங்க கொறட்டைல்லா. இருவத்திரெண்டு வருசமா பக்கத்துல படுத்துக் கேட்டவளுக்குத் தெரியாதா?"

கோயில்பிச்சை குனிந்து கேட்டார். தன் குறட்டையைத் தானே கேட்கிறவர் முகத்தில் எப்படி ஒரு வெட்கம் வருமோ அப்படி ஒரு வெட்கம் வந்தது. "அப்பம் எங்கிட்ட இருந்து எடுத்துட்டான்ங்கியா?"

"எடுத்தா எடுத்துட்டுப் போறான். வீடு நிம்மதியா இருக்கு."

சொல்லிச் சொல்லி ஊரே வந்தது. திருவிழாவில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிறவர்கள்போல ஒவ்வொரு பாயாகக் குனிந்து காது கொடுத்தார்கள். மூக்கன் என்கிற கிழவன் வாயிலிருந்து தலைமையாசிரியர் சம்சாரம் தூக்கத்தில் உளறுகிற உளறல், குக்கர் மூணு விசில் வந்துட்டா பாரு, மூணு விசில் வந்துட்டா பாரு என்று, அவள் குரலிலேயே வந்தது. காலில்லாத ஒருவன் கபடி விளையாடுகிற பையனைப்போலத் தூக்கத்தில் உதைத்தான். கண்டுபிடித்தவர்கள் சிரித்தார்கள், கண்டுபிடிக்காதவர்கள் கொஞ்சம் ஏமாந்துபோய் மறுநாளும் வந்தார்கள். திருப்பிக் கொடு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. முப்பிடாதி தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி தூங்குகிறான், காலையில் எழுந்து பல் விளக்குகிறான், டீ குடிக்கிறான், கண்ணில் கருமணி திரும்பவும் கறுத்திருக்கிறது. யார் தூக்கமானால் என்ன என்று அவளும்தான் நினைத்தாள்.

ஜவுளிக்கடை ராஜபால் அண்ணாச்சி கடைக்கு அப்போது கதவே கிடையாது; மூடினால்தானே கதவு வேண்டும் என்று கழற்றிவிட்டிருந்தார். அவர்தான் கமிட்டி போட்டவர்.

"வேண்டாத எதையும் வீட்டுல வச்சுக்கிடப்பிடாது," என்றார் முதல் கூட்டத்தில். "பழைய பேப்பரப் போடுதோம், பழைய இரும்பப் போடுதோம். இதுவும் அப்பிடித்தான். வாங்கிக்கிட ஆளு இருக்கு. பாவப்பட்ட சனத்துக்குப் பாயும் ஆச்சு, தூக்கமும் ஆச்சு. இத விட தருமம் வேற என்னவே இருக்கு?"

கை தட்டினார்கள். முப்பிடாதிக்கு மாலை போட்டார்கள். கிடங்கு வேலையை விடச்சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் கொடுத்து, கூடமாட உதவிக்கு நாலு பெண்களையும் வைத்தார்கள். அதற்குப் பிறகு குப்பை போட்ட பைகள் வரவில்லை. கடையிலிருந்து புதிதாக வாங்கின பைகளை, வெறும் பைகளை, முடிச்சு மட்டும் போட்டு, கொட்டாவியை இழுத்து வரவழைத்து அதில் விட்டு, வரிசையில் நின்று கொடுத்துவிட்டுப் போனார்கள். பகலில் வருகிற குட்டித் தூக்கம், சாப்பிட்டபின் வருகிற சொக்கல், பிரசங்கம் கேட்கும்போது வருகிற அசதி, எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தார்கள். கர்ப்பிணிகள் கொடுத்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுடையதைத் தாய்மார்கள் கொடுத்தார்கள். பாய்களின் தலைமாடு ஒரு சாண் உயர்ந்தது, பிறகு ஒரு முழம்.

பிளாட்பாரத்து ஒன்பது பேரும் முதலில் விடிந்தும் ஒரு நாழிகை கூடத் தூங்கினார்கள். பிறகு மத்தியானம்வரை. பிறகு ஒரு பகலும் ராத்திரியும். கமிட்டி அவர்களைச் சுற்றி ஒரு மஞ்சள் கயிறு கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று ஒரு அட்டை தொங்கவிட்டது. ஈ மொய்க்காமல் இருக்கக் கொசுவலை போட்டார்கள். பஸ் ஏறப் போகிறவர்கள் கயிற்றருகே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். உள்ளே கிடந்தவர்களின் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது.

ஐப்பசியில் மூக்கன் செத்துப்போனான். எப்போது செத்தான் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் செத்தபிறகும் இரண்டு நாள் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். குக்கர் விசிலைப் பாரு என்று சொல்லிக்கொண்டும் இருந்தான். எறும்பு வரிசை பார்த்துத்தான் தெரிந்தது. தூக்கிக்கொண்டு போனவர்கள் பாயை மட்டும் கவனமாகப் பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அன்றிரவு தலைமையாசிரியர் வீட்டம்மாவுக்கு லேசாகக் கண் சொருகியதாம். பதறிப்போனார்கள். மறுநாள் காலை ரயிலில் வந்து இறங்கிய, பாஷை தெரியாத, கையில் ஒரு டப்பாவும் ஒரு துண்டும் மட்டும் வைத்திருந்த ஒருவனைக் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் கையைப் பிடித்து, இட்லி வாங்கிக் கொடுத்து, மூக்கன் பாயில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். அவன் கும்பிட்டுவிட்டுப் படுத்தான்.

முப்பிடாதி அதைப் பார்த்தாள். தம்பியையும் பார்த்தாள். அவன் கண் திறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நேரே ஜவுளிக்கடைக்குப் போனாள்.

"போதும் அண்ணாச்சி. இனிமே பாய் வேண்டாம். அவன எழுப்பணும்."

ராஜபால் ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு கலையாமல் பேசினார். "ஏளா, பதினோரு வருசம் ஒன் தம்பி தூங்காம நின்னான். ஊரு ஒண்ணு சேந்து தூங்க வச்சிருக்கு. ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவாம, எழுப்பணும்ங்கியே."

"மூணு நாளா முழிக்கல. கஞ்சித்தண்ணி தொண்டையில எறங்கல அண்ணாச்சி."

"துணிய நனச்சு ஒதட்டுல வையி."

"மூக்கன் மாதிரி ஆயிருவான்."

"ஆவாம பாத்துக்கிடுவோம்," என்றார் ராஜபால், ரொம்பப் பிரியமாக. "மத்தவன் மாதிரியா அவன். மொத ஆளுல்லா. அவன் பாய்லதான் ஊருல பாதி கெடக்கு." பிறகு மடித்த சேலையை அடுக்கில் வைத்துவிட்டு, "ஒன் கைவேல இது. நீயே கைய வச்சேன்னா நல்லா இருக்காது, பாத்துக்க," என்றார்.

அவள் திரும்பி வந்தாள். நடுப்பகல். பஸ் ஸ்டாண்டில் ஆள் அதிகமில்லை. கயிற்றைத் தூக்கி உள்ளே போய், கொசுவலையை விலக்கி, தம்பி தலைமாட்டில் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து கொக்கியை எடுத்தாள். எதிரே கோயில்பிச்சை டீ ஆற்றிக்கொண்டே அவளைப் பார்த்தார். ஓரத்தில் இருந்த ஒரு பழைய முடிச்சில் கொக்கியை நுழைத்து இழுத்தாள். இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். அவிழ்ந்தது. உள்ளிருந்து ஒரு சின்னக் காற்று, நாரத்தங்காய் ஊறுகாய் வாசத்தோடு, அவள் முகத்தில் பட்டுப் போனது.

பலவேசம் தொண்டையில் ஓடிக்கொண்டிருந்த குறட்டை பாதியில் நின்றது. எதிர்த்த கடையில் அது தொடங்கியது. இரண்டு இழுப்பு, ஒரு விசில், ஒரு முக்கல். தூக்கிப்பிடித்த டீயோடு கோயில்பிச்சை நின்றபடியே கண்ணை மூடினார். சூடான டீ நீளமாக அவர் மணிக்கட்டில் கொட்டியது, அவர் கையை எடுக்கவில்லை, அப்படியே பாய்லர் ஓரமாகச் சரிந்து உட்கார்ந்தார். ஞானப்பூ ஓடிவந்து தண்ணீரை ஊற்றினாள், உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள். எழவில்லை. வாரக்கணக்கில் தூங்காத தூக்கம் மொத்தமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"என்னத்த செஞ்ச?" என்று கேட்டாள் ஞானப்பூ, கணவன் கையை மடியில் வைத்துக்கொண்டு. திட்டுகிற குரலில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரல்.

தம்பியின் இமை ஒருதரம் துடித்ததை முப்பிடாதி பார்த்திருந்தாள். அது போதும். இரண்டாவது முடிச்சை அவிழ்த்தாள். பூக்காரி கூடைமேல் சாய்ந்தாள். மூன்றாவது, டைம்கீப்பர் மேஜையில் தலையை வைத்தார். நாலு, ஐந்து, ஆறு, எங்கெங்கோ தெருவுக்குள் யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், உட்காரட்டும், தூங்கினால் என்ன, அவரவர் தூக்கம்தானே, டீ கொட்டினால் கை வெந்துபோகும், உயிரா போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே, யார் வீட்டு முடிச்சு எது என்று தெரியாமல், தெரிந்துகொள்ள வழியும் இல்லாமல், ஏழாவதை இழுத்தாள்.

உப்பளத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த மினி பஸ் அந்த நேரத்தில் ஸ்டாண்டுக்குள் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. வேகமும் எடுக்காமல், பிரேக்கும் போடாமல், யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ரோட்டை விட்டு இறங்கி, வரப்பை உடைத்து, பாத்திக்குள் போய் ஜன்னல்வரைக்கும் உப்புத்தண்ணீரில் அமர்ந்தது. உள்ளே முப்பது பெண்கள். ஒருத்திக்குத் தோள் இறங்கியது, இரண்டு பேருக்குக் கை முறிந்தது, யாரும் சாகவில்லை. ஓரடி தள்ளிப் போயிருந்தால் ஓடை. டிரைவர் ஸ்டியரிங் மேல் நெஞ்சை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஹாரன் நிற்காமல் அடித்தது.

அந்தச் சத்தத்தில் பலவேசம் கண் திறந்தான்.

"யாரு வண்டி அது?" என்றான். உதடு வெடித்திருந்தது.

"ஒண்ணுமில்ல லே. ஒண்ணுமில்ல. எந்திரி, வீட்டுக்குப் போவோம்."

"யாரு வண்டிக்கா?"

சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியாது, ஹாரன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவன் அவள் கையில் இருந்த கொக்கியைப் பார்த்தான், அவிழ்ந்து கிடந்த பைத்துண்டுகளைப் பார்த்தான், சரிந்து கிடந்த கோயில்பிச்சையைப் பார்த்தான். லாரிக்காரன், எது எதனால் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எத்தன அவுத்த?"

"ஏழு."

"இன்னும் எத்தன கெடக்கு?"

"ஆயிரத்துக்கு மேல இருக்கும்."

"அதுல எத்தன டிரைவரு?"

அவிழ்ந்த பைத்துண்டு ஒன்றை அவள் விரலில் சுற்றினாள்.

"அடுப்புகிட்ட நிக்கவ எத்தன? கொளத்துல பிள்ளையக் குளிப்பாட்டுதவ எத்தன? ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது லே. தெரிஞ்சா அவுப்பனா? நீ செத்துருவியேன்னு..."

"மூக்கன் எங்க?"

"போயிட்டாரு."

யாரோ போய் டிரைவரைத் தூக்கியிருப்பார்கள், ஹாரன் நின்றது. "ஒரு கண்ணு அசந்ததுக்கு ரெண்டு உசுரு," என்றான் பலவேசம். "ஊருக்கு நான் ஒருத்தன் போதும்க்கா. கொக்கியக் குடு."

"மாட்டேன்."

"குடு."

விரல் விரலாகப் பிரித்து அவள் கையிலிருந்து கொக்கியை எடுத்துத் தன் முதுகுக்கடியில் வைத்துக்கொண்டான். எடுத்த கை அப்படியே தளர்ந்தது. ஏழு முடிச்சு போனதற்கு ஏழு நிமிஷ விழிப்பு, அவ்வளவுதான் கணக்கு. பேச வாயைத் திறந்தவன் வாயிலிருந்து யாரோ ஒரு குழந்தையின் தூக்கச் சிணுங்கல் வந்தது. கண் மூடியது.

அவள் உட்கார்ந்தே இருந்தாள். அவிழ்த்தால் ஊரில் எவளோ ஒருத்தியின் பிள்ளை தண்ணீருக்குள் போகும். அவிழ்க்காவிட்டால் எறும்பு வரும். வெயில் கூரையின் ஓட்டை வழியாக அவன் நெற்றியில் விழுந்தது; கையால் மறைத்துப் பிடித்தாள். கிடங்குக்கு வருமுன் உப்பளத்தில் வேலை பார்த்த காலத்தில், உப்புச் சுமக்கிற ஓலைப்பெட்டி கனமாக இருந்தால் யாரும் இறக்கி வைக்கமாட்டார்கள். இறக்கினால் உப்பு சேறாகிவிடும். பக்கத்தில் போகிறவள் வந்து ஒரு காதைப் பிடித்துக்கொள்வாள், இரண்டு பேருமாகக் கரை சேர்ப்பார்கள். வேறு ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. தம்பியைச் சுவரோரமாக நகர்த்தினாள். ஒரு முழ இடம் கிடைத்தது. நாலு தெரு ஆட்கள் பார்க்கிற பகல் வெளிச்சத்தில், வீடு இருக்கிறவள், பிளாட்பாரத்தில், சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, அவன் பக்கத்தில் சாய்ந்து முடிச்சுகளின்மேல் தலையை வைத்தாள்.

முதலில் வந்தது சுண்ணாம்புக்கட்டி வாசம் அடிக்கிற ஒரு தூக்கம். அதற்கடியில் ஒரு மாமியாரின் தூக்கம், அரைக்கண் திறந்தே இருப்பது. அதற்கடியில் புதுமாப்பிள்ளையின் தூக்கம், பிறகு வட்டிக்குக் கொடுக்கிறவரின் தூக்கம், படகு கவிழ்ந்து தப்பித்தவனின் தூக்கம், பத்து வயதுப் பெண்ணின் தூக்கம், பெயர் தெரியாத தெருக்களில் பெயர் தெரியாத படுக்கைகளில் புரண்டு புரண்டு மிச்சமானது எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக, ஈரச் சாக்குகள்போல, அவள் நெஞ்சின்மேல் வந்து அடுக்கிக்கொண்டே போனது. முதுகில் சிமெண்டுத் தரை ஒரு விரற்கடை கீழே இறங்கியதுபோல் இருந்தது. பக்கத்தில் தம்பியின் மூச்சு லேசாகி, லேசாகி, பிறகு பக்கத்தில் இல்லாமல் மேலே இருந்து கேட்டது. அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீருக்கடியில் கிடப்பவளுக்குக் கரைப்பேச்சு கேட்கிற மாதிரி அவளுக்கு எல்லாம் கேட்டது. சாயங்காலம் ஆகியிருக்க வேண்டும்; பைகளோடு ஆட்கள் வருகிற சரசரப்பு, கயிற்றருகே வந்து நின்றது.

"எந்திரிச்சிட்டியால?" ராஜபால் அண்ணாச்சியின் குரல். "நல்லது. ஒங்கக்காளும் படுத்துட்டாளா. அதுவும் நல்லதுதான். ஆளு கூடியிருக்கு, இன்னும் நாலு வரிசை பின்னச் சொல்லலாம். ஏம்மா, பையெல்லாம் இங்கன வைங்க."

"பையக் கையில வச்சிருங்க அண்ணாச்சி." பலவேசம் குரல். கரகரத்திருந்தது, ஆனால் அவன் குரல்தான், வேறு யாருடையதும் இல்லை. "எங்கக்கா பாதிய எடுத்துக்கிட்டா. அதான் எனக்குக் கண்ணு தொறந்துருக்கு. இன்னொருத்தரு தலைய வச்சா அவளும் எந்திரிப்பா. முடிச்ச அவுக்கவும் வேண்டாம், எந்த வண்டியும் பாத்திக்குள்ள போவவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு நாழி. ஒங்க தூக்கம்தானே. வந்து தூங்கிட்டுப் போங்க."

எங்கோ ஒரு பை கைமாறியது.

"இந்தப் பிளாட்பாரத்துலயா?" என்றது ஒரு குரல், கொஞ்சம் தள்ளி.

"நாங்க படுக்கலையா?"

"ஏ பலவேசம், வெவரமில்லாமப் பேசாத. கட ஆளில்லாமக் கெடக்கு."

"எங்க வீட்டுல பாலு அடுப்புல இருக்கு."

"யோசிச்சுச் சொல்லுதோம்ல. கமிட்டி கூடட்டும்."

"கமிட்டி கூடுதது வரைக்கும் அவ தாங்கமாட்டா," என்றான் பலவேசம். "எல்லாரும் வேண்டாம். ஒருத்தரு போதும் இப்பம். யாரு?"

அவன் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டதை அவள் உணர்ந்தாள். பிறகு அந்தக் கையும் தூரமாகிக்கொண்டே போனது. ஏதோ ஒரு வீட்டுக் கிழவரின் தூக்கம், அடியில்லாத ஒன்று, காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவர் அசைந்தார். சிமெண்டில் ஒரு செருப்பு உரசியது. கழற்றுகிறார்களா, மாட்டிக்கொண்டு திரும்புகிறார்களா, இரண்டில் ஒன்று, கேட்டால் தெரிந்துவிடும் என்று முப்பிடாதி காதைத் தீட்டினாள். தூக்கம் அதற்குள் காதுவரைக்கும் வந்துவிட்டிருந்தது.